என் பின்னந்தலையும் மெடத்தின் ஆய்வுகளும்

உலகத்தில் பலருக்கு முகம் பிரபலமாகும். எனக்குப் பின்னந்தலை பிரபலமானது. அதுவும் அந்தத் தலையில் மயிர் இருந்த காலத்தில்.

சென்ற மாதம் ரிஸ்னா வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வுபெற்ற நித்திரை ஆய்வுகூடத்தில் இப்போது அவர்தான் தலைமைத் தொழில்நுட்பவியலாளர். டொக்டர் கௌரி, அதாவது எங்கள் மெடம், இந்த வருடத்தோடு ஓய்வுபெறுகிறார். அவருக்கு ஒரு பிரியாவிடை மலர் போடுகிறார்களாம். மெடத்தின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம்.

“ஆராய்ச்சியைப் பற்றி எழுத டொக்டர்மார் இருக்கினமே பிள்ளை. நான் நோயாளியளின்ரை தலையில் மூளை அலை பதியிற ‘லீட்’ வயர் ஒட்டினவன்” என்றேன்.

ரிஸ்னா விடவில்லை. தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். மெடம் எழுதிய ஒவ்வொரு கட்டுரையையும் உலகத்தில் எத்தனை பேர் தங்கள் ஆய்வுகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்தும் பக்கம் அது. இப்போதெல்லாம் ஒரு விஞ்ஞானியின் உயரத்தை இந்த எண்ணை வைத்துத்தான் அளக்கிறார்களாம்.

“பாருங்க அங்கிள். துறைமுகத்தில நைட் ஷிப்ட் செய்றவங்கட நித்திரையைப் பத்தி மெடம் எவ்வளவு காலம் ஆராய்ச்சி செஞ்சாங்க. அது ரெண்டாவதாத்தான் நிக்குது. முதலாவதா நிக்கிறது இந்தச் சின்னக் கட்டுரை. எண்ணெய் வச்ச தலையில லீட் ஒட்டுறது எப்படி எண்டு. ரெண்டே பக்கம். மத்த எல்லாத்தையும் கூட்டினாலும் இதுக்குக் கிட்ட வராது.”

“ஓம், தெரியும்.”

“அதில முதலாம் படத்தில ஒரு ஆளுட பின்னந்தலை இருக்கு. நல்ல அடர்த்தியான முடி. யாருட தலை அங்கிள் அது?”

“என்ரை.”

ரிஸ்னா படத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே அது பளபளத்துக்கொண்டிருந்தது.

“சும்மா சொல்லாதீங்க அங்கிள்.”

என் மனைவி ரஞ்சினி தேநீரோடு வந்து, “அது இவர்தான் பிள்ளை. இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு பாருங்கோ. மயிர்தான் போயிட்டுது, மச்சம் இருக்கு” என்று சாட்சி சொன்ன பிறகுதான் ரிஸ்னா நம்பினார். இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு அந்த மச்சத்தால் வந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். படிப்பில் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, பகிடியில் கொஞ்சம் மேலே. இதயத்துடிப்பு பதியும் பிரிவில் சேர்ந்து சில வருடங்கள் நெஞ்சுகளில் வயர் பூட்டினேன். நித்திரை ஆய்வுகூடம் ஒன்று தொடங்கப்போகிறார்கள், பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் கையை உயர்த்திவிட்டேன். மற்றவர்கள் படுக்க நான் விழித்திருக்க வேண்டிய வேலை அது என்பது பயிற்சி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் நல்ல காலத்துக்கு, மெடம் ஆராய்ந்தது பகல் நித்திரையை. துறைமுகத்தில் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் மனிதர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. ஆகவே எங்கள் கூடம் பகலில்தான் நடந்தது. யன்னல்களில் கறுப்புத் திரை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டு திரிவோம். வாழ்நாள் முழுக்கச் சத்தமாய்ப் பேசி வளர்ந்த எனக்கு அது பெரிய தண்டனை.

மெடத்தின் முறைகளைச் சொல்ல வேண்டும். கூடத்தின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்காலோடு அவர் வருவது யாருக்கும் கேட்காது. நான் நாற்காலியில் சாய்ந்து பாட்டு முணுமுணுக்கும் நேரம் பார்த்துப் பின்னால் நிற்பார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். “தாசன் அவர்களே” என்று அழைத்தால் நான் எழும்பி நின்றுவிடுவேன்.

ஒரு மரச் சட்டம், பள்ளிப்பிள்ளைகள் கோடு போடும் அடிமட்டம், எப்போதும் கையில் இருக்கும். பதிவு திரையில் ஓடும்போது அதைக் கோடுகளுக்குக் கீழே வைத்து, எழுத்துக்கூட்டி வாசிப்பவர் போல மெதுவாகப் பார்ப்பார். கணினி தானாகவே கணக்குப் போட்டுத் தந்த பிறகும் சட்டத்தை விடவில்லை. “அது எண்ணட்டும் தாசன், நான் பார்க்கிறன்” என்பார்.

நோயாளியிடம் முதலில் அவர் கேட்பது வருத்தத்தைப் பற்றியல்ல. எதில் படுக்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், பக்கத்தில் யார் படுப்பது? இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் மற்றவை.

பாராட்டு என்று அவர் வாயால் எதுவும் வராது. வேலை மிகச் சரியாக அமைந்தால், “ம்” என்பார். ஒரேயொரு ம். அந்த ம்முக்காக நாங்கள் வாரக்கணக்கில் உழைத்திருக்கிறோம். அதைக் கேட்ட நாளில் நான் கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், உட்காரத் தோன்றாது.

இனி பெனடிக் அண்ணனிடம் வருகிறேன்.

கொச்சிக்கடைக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருந்து கொள்கலனைத் தூக்கி லொறியில் இறக்கும் வேலை. ஒரு நாள் கொள்கலன் லொறிக்கு மேலே அந்தரத்தில் தொங்கும்போது கூண்டுக்குள் கண் அயர்ந்துவிட்டார். கீழே நின்றவர்கள் கத்தியும் எழும்பவில்லை. ஒருவர் ஏணியில் ஏறிப்போய் உலுக்கித்தான் எழுப்பினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். குடித்திருக்கிறார் என்று ஒரு கட்சி, சோம்பேறி என்று இன்னொரு கட்சி. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் மருத்துவக் காரணம் ஏதும் காட்டாவிட்டால் வேலை போய்விடும். புதுக்கடையில் அவர் பார்த்த சட்டத்தரணியும் அதையேதான் சொல்லியிருந்தார்.

“தம்பி, நான் வாயில ஒரு சொட்டு வைக்கிறதில்ல. எங்கட ரோட்டில எனக்குப் பட்டப்பேரே பச்சத்தண்ணி பெனடிக். குடிச்சிட்டுப் படுத்திருந்தாலும் ஒரு நியாயம் இருக்கும்” என்று என்னிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கதிரையிலேயே தூங்கிவிட்டார்.

பரிசோதனைக்கு மனைவி ஸ்டெல்லாவோடு வந்தார். தலை முழுக்க வில்லை வில்லையாக லீட் ஒட்டி, மூக்கில் குழாய் வைத்து, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி கட்டி, விரலில் ஒட்சிசன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் படுக்கவைத்தேன். உடனே தூங்கினார். நான் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

திரையில் நான் கண்டதை இன்றைக்கும் மறக்க முடியாது. மூளைக் கோடுகள் எல்லாம் கடல் கொந்தளித்ததுபோல் எழும்பி விழுந்தன. அப்படி ஒன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மருத்துவ உலகத்துக்கே புதிய நோய் ஒன்று கொச்சிக்கடையிலிருந்து வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவன் நான் என்று நினைத்தேன். நோய்க்கு என் பெயரை வைப்பார்களோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது. மெடத்தின் அறைக்கு ஓடினேன்.

மெடம் வெறுங்காலோடு வந்தார். சட்டத்தை வைத்துப் பார்த்தார். உள்ளே போய்ப் பெனடிக் அண்ணனின் தலையை ஒரு விரலால் தொட்டு, விரலை மணந்து பார்த்துவிட்டு வந்தார்.

“தாசன், இது மூளை இல்லை. தேங்காயெண்ணெய்.”

லீட்டுகள் எல்லாம் எண்ணெயில் வழுக்கி, பாதி கழன்று, ஆடிக்கொண்டிருந்தன. எண்ணெய்த் தலைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, ஒட்டும்போது அது உறைக்கவே இல்லை. வெளியே காத்திருந்த ஸ்டெல்லா அக்காவைக் கேட்டோம். அவர் பெருமையோடு சொன்னார்: “நித்திரை டெஸ்ட் எண்டாங்க. நல்லா நித்திரை வரணுமெண்டு ரெண்டு கை நிறைய வச்சுத் தேச்சு அனுப்பினேன் டொக்டர்.”

பிறகு விசாரித்துப் பார்த்தால், எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். தலை குளிர்ந்தால் நித்திரை வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நித்திரைப் பரிசோதனை என்றதும், நன்றாகத் தூங்கி டொக்டருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டுமே என்று, மற்ற நாளைவிட இன்னும் கொஞ்சம் கூட வைத்துக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கு உதவி செய்ய நினைத்தே எங்கள் பதிவுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முறை எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னோம். வைக்காமல் வந்தார். கதிரையில் தூங்கும் மனிதர், கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். பதிவு கண்ணாடி போலத் தெளிவு, ஆனால் அதில் நித்திரை இல்லை.

“தலை காஞ்சு கிடக்குது தம்பி. யாரோட தலையையோ கொண்டு வந்து வச்ச மாதிரி இருக்கு” என்றார்.

விசாரணைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில்தான் மெடம் துறைமுகத் தொழிலாளர் பற்றிய பெரிய கட்டுரையை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பதவிக்கு அதை நம்பித்தான் விண்ணப்பித்திருந்தார். பிரிவின் பெரியவர் ஒருவர் வந்து, “ஒரு கிரேன்காரனுக்காக ஏன் கௌரி மினக்கெடுறீர்? முடிவு தெரியாது எண்டு எழுதிக் குடுத்திட்டுக் கட்டுரையை அனுப்பும்” என்றார்.

மெடம் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

“எண்ணெயோட நித்திரை கொள்ளுற ஆளை எண்ணெய் இல்லாமப் படுக்க வச்சு அளந்தா, நாங்கள் அளக்கிறது வேற ஆரையோ. மெஷின்தான் அவரின்ரை தலைக்கு ஏத்த மாதிரி மாற வேணும்.”

கட்டுரை மேசையின் ஓரத்துக்குப் போனது. மேசையின் நடுவுக்கு என் தலை வந்தது.

அப்போது என் தலை ஆராய்ச்சிக்கு வாய்ப்பான தலை. அடர்த்தியாகச் சுருண்ட மயிர், எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் குடிக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் கூடத்தில் எனக்கு எண்ணெய் தேய்ப்பார்கள், பிறகு மெடம் எதையாவது போட்டு, நாணயத்தின் அளவு இடத்தில் மட்டும் எண்ணெயை எடுக்கப் பார்ப்பார். ஸ்பிரிட் போட்டார், எண்ணெய் இன்னும் பரவியது. தேசிக்காய் போட்டார், எரிந்தது. ஷாம்பு போட்டார், நுரைதான் மிஞ்சியது. சீயாக்காய், முகப்பவுடர், அரிசிமா எல்லாம் போட்டுப் பார்த்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருவர், மூக்கைச் சுருக்கிவிட்டு வேறு சீட்டுக்குப் போனார்.

கடைசியில் கடலைமா. மயிரைச் சீப்பின் வாலால் பிரித்து, வகிட்டில் ஒரு சிட்டிகை கடலைமாவை ஒற்றி, அது எண்ணெயைக் குடிக்கும்வரை பொறுத்து, தூரிகையால் தட்டிவிட்டு, பிறகுதான் ஸ்பிரிட் பஞ்சு. அந்தச் சின்ன வட்டம் மட்டும் காய்ந்திருக்க, சுற்றியுள்ள தலை முழுவதும் குளிர்ந்தபடியே இருந்தது. லீட்டை ஒட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கோடுகள் தெளிவாக ஓடின.

“ம்” என்றார்.

அந்த ம்மோடு நான் வீட்டுக்குப் போனேன். ரஞ்சினி என் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, “உங்கட தலையில கடலைமா போட்டது எந்தப் பொம்பிளை?” என்றாள்.

“டொக்டர் கௌரி.”

“ஏன், வடை சுடப்போறாவோ?”

மூன்றாம் முறை, மெடமே ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னார்: “வழமையா எப்படி வைப்பீங்களோ, அப்படியே வச்சுக் கூட்டிவாங்கோ.” ஸ்டெல்லா அக்கா குறை வைக்கவில்லை. நான் வகிடு வகிடாகப் பிரித்துக் கடலைமா ஒற்றினேன். பெனடிக் அண்ணன், “பஜ்ஜிக்கு நான் ரெடி தம்பி” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். குறட்டை தொடங்கியது. கப்பல் ஊதுவதுபோல.

திரையில் எல்லாக் கோடுகளும் சுத்தமாக ஓடின. திடீரென்று குறட்டை நின்றது. மூச்சுக் கோடு தட்டையானது. ஆனால் நெஞ்சுப் பட்டியும் வயிற்றுப் பட்டியும் நிற்கவில்லை, மூச்சை உள்ளே இழுக்கப் போராடிக்கொண்டிருந்தன. தொண்டை அடைத்துவிட்டது, காற்று போகவில்லை. ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போனது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அப்போது மூளைக் கோட்டில் ஒரு சின்னத் துள்ளல்: மூளை அவரை ஒரு கணம் எழுப்பியது. பெரிய சத்தத்தோடு மூச்சு வந்தது. மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிறுத்தம். இதேதான், திரும்பத் திரும்ப. அந்தத் துள்ளலைக் காட்டியது தலையில் இருந்த லீட். எண்ணெயில் வழுக்கியிருந்தால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

மெடம் ஸ்டெல்லா அக்காவை உள்ளே கூப்பிட்டு, சட்டத்தால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார். “சத்தம் நிக்கிற நேரம் அவர் நல்லாப் படுக்கேல்லை. மூச்சு நிண்டு போகுது.”

ஸ்டெல்லா அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் குறட்டை நிக்கிற நேரம்தான் நான் அப்பாடா எண்டு கண்ண மூடுறது” என்றார்.

பகிடி ஒன்றும் எனக்கு வரவில்லை.

விசாரணைக்கு அறிக்கையை அனுப்பினால் போதும். மெடம் நேரே போனார். கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேற்பார்வையாளர் ஒருவர் சிங்களத்தில், “மினிஹா நிதரம நிதி” என்றார். ஆள் எந்நேரமும் நித்திரையாம். மெடமும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: இந்த மனிதர் பல வருடங்களாக ஒழுங்காக நித்திரை கொண்டதே இல்லை, அதுதான் வருத்தம். பிறகு பதிவை ஓடவிட்டார். மூச்சு நின்ற இடத்தில் எல்லோரையும் அது திரும்ப வரும்வரை காத்திருக்கச் செய்தார். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர்தான் முதலில், “அனே” என்றார். சிங்களத்தில் ஐயோ பாவம்.

வேலை போகவில்லை. நித்திரையில் காற்றை மெல்ல உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் முகமூடி மெஷின் ஒன்றை மெடம் ஏற்பாடு செய்துகொடுத்தார். அதோடு படுத்துப் பழகி மறுபடி பரிசோதிக்கும்வரை தரையில் வேலை, பிறகு மறுபடி கூண்டு.

மெடத்துக்கு என்ன நடந்தது? பெரிய கட்டுரை பிந்திப் போனது. அதற்குள் வேறொரு நாட்டுக் குழு கிட்டத்தட்ட அதே முடிவை வெளியிட்டுவிட்டது. பேராசிரியர் பதவி அந்தச் சுற்றில் கைநழுவியது. எனக்கு வயிறெரிந்தது. மெடம் அவர்களுடைய கட்டுரையைச் சட்டம் வைத்து முழுவதும் வாசித்துவிட்டு, “சரியாத்தான் செய்திருக்கினம்” என்றார்.

கடலைமா முறையையும் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினார். இதெல்லாம் ஆராய்ச்சியா என்று சிலர் சிரித்தார்கள். படத்துக்கு என் தலையைக் கேட்டார். என் அடையாளம் வெளியே தெரியாமல் பாதுகாக்கப்படும் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். பின்னந்தலைக்கு அவ்வளவு பாதுகாப்பு.

கொஞ்சக் காலம் ஒன்றுமில்லை. பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. இந்தியாவிலிருந்து, ஆபிரிக்காவிலிருந்து, எங்கள் ஆட்களைப் போலத் தலைக்கு எண்ணெயோ நெய்யோ களிம்போ பூசும் மனிதர்கள் இருக்கும் இடங்களில் இருந்தெல்லாம். கடலைமா என்றால் என்ன, கிடைக்காவிட்டால் வேறு எந்த மா போடலாம் என்று கேட்பார்கள். மெடம் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவார். அவர்கள் தங்கள் ஆய்வில் மெடத்தின் பெயரைக் குறிப்பிடுவார்கள். நித்திரைக்கு மட்டுமல்ல, வலிப்பு நோய்ப் பரிசோதனைக்கும் அதே முறையைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்கோள் ஏறியது. பேராசிரியர் பதவி அடுத்த சுற்றில் வந்தது.

ஒருநாள் நான் கேட்டேன். “மெடம், உங்கட பெரிய வேலையை விட்டிட்டு இந்தச் சின்ன வேலையை எல்லாரும் பிடிச்சிருக்கினமே. கவலையில்லையா?”

“மேற்கோள் எண்டா என்ன தாசன்? எங்கயோ ஒரு ஆள் எண்ணெயோட வந்திருக்கிறார், அவரைத் திருப்பி அனுப்பாமல் பார்த்திருக்கினம் எண்டுதானே அர்த்தம்” என்றார்.

ரிஸ்னா காட்டிய அந்த எண்ணை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அத்தனை தலைகள். மாதிரிக்கு என் தலை.

இதை எழுத உட்கார்ந்தபோது பெனடிக் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார், கடைசி வரை அந்தக் கூண்டில் இருந்துதான். மெடத்தின் மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றேன். “நான் என்னத்தச் சொல்ல தம்பி? நான்தான் எல்லா நேரமும் படுத்திருந்தேனே. இவளைக் கேள்” என்று ஸ்டெல்லா அக்காவைக் காட்டினார்.

ஸ்டெல்லா அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: “இப்ப ராவில கரண்ட் போய் அந்த மெஷின் சத்தம் நிண்டா, எனக்கு உடனே முழிப்பு வந்திடும். எழும்பி இவர் மூக்குக்குக் கிட்ட கை வச்சுப் பார்த்திட்டு, கரண்ட் வரும் வரைக்கும் பக்கத்தில இருப்பேன். டொக்டர்கிட்ட சொல்லு.”

வீட்டுக்கு வந்து மெடத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன், சொல்லுக்குச் சொல்.

“ம்” என்றார் மெடம்.

பிறகு, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத விதமாய், இன்னொரு தடவையும், “ம்.”